கொட்டகைக்கு வெளியே நின்ற சாட்சி

அத்தியாயம் 7

ரெனே ஆமோட் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டாள் என்று வக்கீல் போனில் சொன்னார். அதைக் கேட்ட டாட்டி குபியாக், பிக்கப் வண்டியைப் பனிப் பள்ளத்தில் இறக்கப் பார்த்தாள்.

"ரோட்டைப் பாரு," என்றார் ஹேகன்.

"ரோடு எங்க பாஸ் இருக்கு? எல்லாம் வெள்ளையா இருக்கு. நீங்கதானே துப்பறியறவர், கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

ஹேகன் சிரிக்கவில்லை. மில்வாக்கி நகரத்திலிருந்து இந்தப் பண்ணை ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்த மனிதர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். சாண வாடை ஒத்துக்கொள்ளவில்லையாம். விஸ்கான்சினில் பிறந்துவிட்டு மாட்டைக் கண்டால் மூக்கைப் பொத்துகிற ஒரே ஆள் இவர்தான் என்று டாட்டி முணுமுணுத்தாள்.

"எனக்குக் கேக்குது," என்றார் ஹேகன், ஜன்னலைப் பார்த்தபடி.

நிலைமை சிரிக்கும்படியும் இல்லை. பெற்ற அப்பனைச் சுட்டதாக ஒப்புக்கொண்டு இன்று மதியம் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டால், ரெனேவுக்குப் பதினைந்து வருஷம். போடாமல் வழக்கை நடத்தித் தோற்றால் ஆயுளுக்கும் உள்ளே. அவளுடைய வக்கீலுக்கு மோதிப் பார்க்கும் தெம்பு இல்லை. ரெனேவுக்கு அந்த ஆசையே இல்லை.

"நான் சுடலை டாட்டி," என்று நேற்றுச் சிறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்னாள். "ஆனா அவர் காதுல கடைசியா விழுந்தது நான் சொன்ன வார்த்தைதான். அதுக்கு எத்தனை வருஷம் குடுத்தாலும் தகும்." பேனாவை எடுக்க வைத்தது சட்டமல்ல, இந்த நினைப்புதான்.

கதை இதுதான். ரெனேவின் அப்பா வெர்லின் ஆமோட் வாழ்நாள் முழுக்கப் பால் மாடு வைத்திருந்தவர். முட்டி தேய்ந்ததும் மாடுகளை விற்றார். காலியாய்க் கிடந்த கொட்டகையை உள்ளரங்கத் துப்பாக்கிப் பயிற்சிக் கூடமாக மாற்ற ஆரம்பித்தார். கூடமாட வேலை செய்தவர் பக்கத்துப் பண்ணை ஆரின் ஸ்கிபா. ரெனே நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். கொட்டகையில் புகையை வெளியே இழுக்கும் காற்றாடி பொருத்துவதற்கு முன்பே அப்பா உள்ளே சுட ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்ததும் ஓடி வந்தாள். தோட்டா வெடிக்கும்போது கிளம்பும் ஈயத் தூசி நுரையீரலுக்குப் போகும் என்று கத்தினாள். அப்பா கேட்கவில்லை. அவர் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி மேஜை மேல் வைத்துவிட்டு அழுதுகொண்டே காரை எடுத்துப் போனாள். அன்றே வெர்லின் அதே துப்பாக்கியால் சுடப்பட்டார்; மறுநாள் காலையில்தான் உடலைக் கண்டார்கள். துப்பாக்கியில் மகளின் கைரேகை இருந்தது.

இது போதாதென்று ஒரு சாட்சி வேறு. ஆரின் ஸ்கிபா கொட்டகைக் கதவுக்கு வெளியே நின்று, ரெனே சொன்ன ஒரு வாக்கியத்தையும், அதன் பிறகு ஒரு வெடியையும் காதால் கேட்டதாகச் சொல்லியிருந்தார். அந்த வாக்கியத்தைச் சொன்னது உண்மைதான் என்று ரெனேவே ஒப்புக்கொண்டாள். அவள் பக்கத்து வாதம் அங்கேயே படுத்துவிட்டது.

"அந்த ஆளு நல்லவர் பாஸ்," என்றாள் டாட்டி. "எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வந்து எங்க மாட்டையெல்லாம் கறந்து குடுத்தவர். பொய் சொல்ல மாட்டார்."

"பொய் சொல்றார்னு நான் எப்ப சொன்னேன்? அவர் நின்ன இடத்துல நானும் நிக்கணும். அவ்வளவுதான்."

கொட்டகை வாசலில் துணை ஷெரிஃப் லோவெல் ப்ரெக்கே கைகளைத் தேய்த்தபடி காத்திருந்தான். மான் வேட்டைக் காலம் முடிந்து நாளாகியும் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றாதவன். டாட்டியோடு பள்ளியில் படித்தவன்.

"சீக்கிரம் முடி டாட்டி. கோர்ட்டுக்குப் போகணும்."

"போகலாம்டா. நீ இல்லாட்டி நீதிபதி அழவா போறாரு?"

லோவெல் முனகிக்கொண்டே கதவைத் திறந்து விளக்கைப் போட்டான்.

உள்ளே தாழ்ந்த கூரை, வருஷா வருஷம் அடித்துத் தடித்துப்போன சுண்ணாம்புச் சுவர். மாடு கட்டும் இரும்புச் சட்டங்களை வெர்லின் பிடுங்கிவிட்டிருந்தார். சாணம் ஓடிய வாய்க்காலில் சிமெண்ட் போட்டு நிரப்பியிருந்தார். இந்தக் கோடியில் சுடுகிறவர் நிற்கும் மர மேஜை. அந்தக் கோடியில் சாய்த்து நிறுத்திய கனத்த இரும்புத் தகடு, அதன் காலடியில் தோட்டாவை விழுங்கும் மணல் மேடு. சுவரில் காற்றாடிக்கு வெட்டிய வட்டத்தைத் தகரத்தால் அடைத்திருந்தார்கள். காற்றாடி மூலையில் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. ஒலியை அடக்கும் பஞ்சுப் பலகைகளும் கட்டோடு கிடந்தன. பாதி வேலையில் செத்துப்போன மனிதனின் வீடு மாதிரி இருந்தது அந்த இடம்.

"மேஜைக்கு இந்தப் பக்கம்தான் கெடந்தார்," என்றான் லோவெல்.

"என்ன?" என்றார் ஹேகன்.

"இந்தப் பக்கம் கெடந்தார்."

ஹேகன் நெற்றியைச் சுருக்கினார். மெல்ல நடந்து தகட்டருகே போய்க் குனிந்து பார்த்தார்.

"தகட்டுக்குப் பின்னாடி ஆள் போற வழி இருக்கா?"

"இருக்கு. பழைய தீவன அறை. அங்கேருந்து தீவனம் கொட்டி வைக்கிற கோபுரத்துக்குப் போற கதவும் இருக்கு. தோட்டா தாண்டிப் போயிடக்கூடாதுன்னு வெர்லினும் ஆரினும் அங்க மணல் அடைச்சுக்கிட்டு இருந்தாங்க," என்றாள் டாட்டி.

"என்ன சொன்னே?"

"மணல் பாஸ், மணல். மில்வாக்கியில காதைக் கழட்டி வெச்சிட்டு வந்துட்டீங்களா?"

"கத்தாம சொன்னா எப்படிக் கேக்கும்?"

வண்டிக்குள் முணுமுணுத்ததெல்லாம் கேட்டவருக்கு இப்போது என்ன வந்தது என்று டாட்டிக்குப் புரியவில்லை. வயசாகிவிட்டது, குளிர் காதைப் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஹேகன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகை நடுவில் நின்று மேலும் கீழும் பார்த்தார், டாட்டியைப் பார்த்தார், லோவெலைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ மாறியிருந்தது.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. "ஆரின் வந்துட்டார்," என்றான் லோவெல்.

ஆரின் ஸ்கிபா பெரிய உடம்பு, சின்னக் குரல். இறங்கும்போதே துணி மூடிய பாத்திரம் ஒன்றைக் கையில் ஏந்தியிருந்தார். "வீட்டுல செஞ்சது. உருளைக்கிழங்கும் கறியும். குளிர்ல நிக்கிறீங்கன்னு கொண்டாந்தேன்," என்று டாட்டியிடம் நீட்டினார். இந்த ஊரில் சாவு வந்தாலும் ஷெரிஃப் வந்தாலும் பாத்திரத்தோடுதான் வருவார்கள். சூடாக இருந்த அதை வாங்கும்போது டாட்டிக்குக் கூச்சமாக இருந்தது.

"எங்க நின்னீங்கன்னு காட்டுங்க," என்றார் ஹேகன்.

ஆரின் கதவுக்கு வெளியே, நிலையை ஒட்டி நின்றார். பழைய பலகைக் கதவு, நடுவில் விரல் நுழையும் சந்து. "இங்கதான். கீழ் வயலைப் பாத்துட்டு வந்தேன். உள்ள சண்டை நடக்குதுன்னு தெரிஞ்சுது. அப்பாவுக்கும் பொண்ணுக்கும் நடுவுல போகக்கூடாதுன்னு நின்னுட்டேன்."

"ரெனே என்ன சொன்னா?"

ஆரினின் கண் கலங்கியது. அந்தக் கலக்கம் நடிப்பாகத் தெரியவில்லை. "'இந்த ஈயத்தால கொஞ்சம் கொஞ்சமா சாகறதுக்கு, இப்பவே நானே உங்களைச் சுட்டுத் தொலைச்சிடலாம்'னு சொன்னா. அப்புறம் வெடிச்ச சத்தம். வழக்கம்போலத் தகட்டைச் சுடறாங்கன்னு நெனச்சுப் போயிட்டேன்."

அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. சிறையில் ரெனே சொன்னதும் அதேதான். கோர்ட்டில் இந்நேரம் அந்தப் பெண் பேனாவைத் திறந்துகொண்டிருப்பாள்.

"டாட்டி," என்றார் ஹேகன், எல்லோர் காதிலும் விழும்படி. "நீயும் லோவெலும் உள்ள போங்க. மேஜைகிட்ட நின்னு, ரெனே சொன்னதை அதே கோபத்தோட சொல்லு. நாங்க இங்க நிக்கறோம்."

பாத்திரத்தை வண்டியின் முன்பக்கத்தில் வைத்துவிட்டு டாட்டி ஹேகனைக் கடந்தபோது, அவர் உதடு அசையாமல் சொன்னார்: "அதைச் சொல்லாதே. வேற எதையாவது திட்டு."

கதவு சாத்தப்பட்டது. டாட்டி மேஜையருகே போய் நின்றாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த ஒன்று அவளிடம் இருக்கவே இருந்தது.

"டேய் லோவெல், அந்த வருஷம் கவுண்டி மாட்டுச் சந்தையில முதல் பரிசு என் கன்னுக்குட்டிக்கு வந்திருக்கணும். உன் கன்னுக்குட்டி நடக்கக்கூட நடக்கல, மேடையிலயே படுத்துக்கிச்சு. நடுவர் உன் சித்தப்பா. அதனாலதான் முதல் பரிசு நீல ரிப்பன் உனக்கு."

"அதை இன்னுமா மறக்கல நீ?"

"செத்தாலும் மறக்க மாட்டேன். ரிப்பனைத் திருப்பிக் குடு."

ரெனே கத்தியிருக்கக்கூடிய அளவுக்குக் கத்தினாள். பிறகு இருவரும் வெளியே வந்தார்கள். லோவெலின் முகம் சிவந்திருந்தது, குளிரால் மட்டுமல்ல.

"எனக்கு ஒரு வார்த்தை புரியல," என்றார் ஹேகன். "ஆரின், உங்களுக்கு?"

"நல்லாக் கேட்டுச்சே," என்றார் ஆரின். "அன்னைக்கு மாதிரியேதான். 'ஈயத்தால சாகறதுக்கு நானே சுட்டுடலாம்'னு. அவ குரல் மாதிரியே இருந்துச்சு. மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

லோவெல்தான் முதலில் வாயைத் திறந்தான், குரல் கம்மியிருந்தது. "ஆரின். அவ கன்னுக்குட்டியைப் பத்திப் பேசினா."

ஆரினின் முகம் வெளுத்தது. "காத்து அடிக்குது... இன்னைக்கு சரியா விழல போல. அன்னைக்கு விழுந்துச்சு."

"அன்னைக்கும் விழுந்திருக்காது," என்றார் ஹேகன். "உள்ள ஒருத்தன் அக்கார்டியன் வாசிச்சு உசிரை வாங்கறான். அதைத் தாண்டி யார் பேச்சு வெளிய வரும்?"

"எவன் வாசிக்கிறான்?" என்றாள் டாட்டி. "பாஸ், உள்ள யாரும் இல்ல. ஒரு சத்தமும் இல்ல."

ஹேகன் கதவை அகலத் திறந்தார். "கண்ணை மூடிக்கிட்டுக் கேளு."

டாட்டி கண்ணை மூடினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, எங்கிருந்தோ வந்தது போல, அது காதில் விழுந்தது. போல்கா நடனப் பாட்டு. அக்கார்டியனும் டமடமக்கும் டிரம்மும், நடுநடுவே பால் விலை சொல்லும் அறிவிப்பாளரும். கதவுக்கு நேர் மேலே, உத்தரத்தில் அடித்த பெட்டிக்குள் ஒரு பழைய ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. உள்ளே போனதிலிருந்து அலறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அப்பாவின் கொட்டகையிலும் இப்படித்தான் ஒன்று இருந்தது. பாட்டுக் கேட்டால் மாடு பயமில்லாமல் பால் விடும் என்று இந்த ஊரில் எல்லோரும் வைத்திருப்பார்கள். தொட்டில் வயசிலிருந்து அதன் கீழேயே வளர்ந்தவளுக்கு, கொட்டகை என்றால் அந்தச் சத்தமும் சேர்த்துத்தான். அதைத் தனியாகக் கேட்க அவள் காதுக்குத் தெரியவே இல்லை. லோவெலின் வாய் பிளந்திருந்தது. அவனும் மாட்டுக்காரன் மகன்தான்.

"நான் நேத்தும் வந்தேன், முந்தா நாளும் வந்தேன்," என்றான் லோவெல். "எனக்குக் கேக்கவே இல்ல."

"உங்க ஆபீஸ்ல யாருக்குமே கேட்டிருக்காது," என்றார் ஹேகன். "எல்லாரும் மாட்டோட வளந்தவங்க. சாட்சிக்கும் அதே கதிதான். சொல்லப்போற கதையை யோசிச்சு யோசிச்சுக் கட்டினவருக்கு, இப்படி ஒண்ணு அலறுதுங்கறதே ஞாபகம் வரல."

"அன்னைக்கு ரேடியோ நின்னு போயிருந்துச்சு," என்றார் ஆரின் அவசரமாக.

ஹேகன் கையை நீட்டி விளக்கை அணைத்தார். இருட்டோடு சேர்ந்து பாட்டும் அறுந்தது. மறுபடி போட்டார். அக்கார்டியன் மறுபடி கிளம்பியது.

"ரெண்டுக்கும் ஒரே சுவிட்ச். விளக்கு எரிஞ்சா இதுவும் பாடும். வெர்லின் இருட்டுல சுட மாட்டார் இல்லையா?"

லோவெல் மெதுவாகச் சொன்னான்: "ஆனா சார், ரெனே அந்த வார்த்தையைச் சொன்னது நிஜம். அவளே ஒத்துக்கிட்டா. ஆரினுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அதான் கேள்வி. வெளிய நின்னா கேக்காது. அவருக்குத் தெரியுது. அப்ப அவர் உள்ள இருந்தார். தகட்டுக்குப் பின்னாடி மணல் அடைச்சுக்கிட்டு இருந்திருப்பார்; அங்க ரேடியோ தூரம், அவ கத்தினது கேக்கும். ரெனே கண்ணுக்குத் தெரியல. முற்றத்துல அவர் வண்டி நின்னுது, ஆனா அது தினமும் நிக்கிற வண்டி. அன்னைக்கு ரோட்டுல போன பால் டேங்கர்காரர் அதைப் பாத்ததா ஷெரிஃப்கிட்ட சொல்லியிருக்கார், அதனால இங்க வரவே இல்லன்னு இவரால சொல்ல முடியல. ரெனே சுட்டிருந்தா, 'என் கண்ணால பாத்தேன்'னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. எதுக்கு ஒரு மனுஷன் தன்னைத் தானே வெளிய கொண்டு போய் நிறுத்திக்கணும்?"

ஆரின் திரும்பித் தன் வண்டியை நோக்கி நடந்தார். ஓடவில்லை, தொழுவத்துக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். வண்டியின் பின் கண்ணாடியில் மான் வேட்டைத் துப்பாக்கி தொங்கியது. லோவெலின் கை இடுப்புக்குப் போனது. "ஆரின், நில்லுங்க."

ஆரின் கதவைத் திறந்து துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டார். குழல் தரையைப் பார்த்திருந்தது. அது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது போலிருந்தது. வண்டிக்கு மிக அருகில் நின்றவள் டாட்டிதான். அவள் வாய் வழக்கம்போலத் தானாகப் பேசியது, ஆனால் கிண்டல் வரவில்லை.

"ஆரின், இன்னைக்குச் சாயங்காலம் கறவைக்கு யாரு இருக்காங்க?"

அவர் அவளைப் பார்த்தார்.

"உங்க மாடுங்க கதவுகிட்ட வந்து நிக்கும். மடி கட்டிக்கும், வலிக்கும். யார்கிட்டயாவது சொல்லிட்டு வந்தீங்களா?"

"இல்ல," என்றார் ஆரின். குழந்தை மாதிரிச் சொன்னார். "யாருமில்ல."

"நான் போறேன். எங்கப்பாவுக்கு நீங்க செஞ்சீங்க. அந்தக் கறுப்புப் பசு இடப்பக்கம் போனா உதைக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க அதைக் கீழ வைங்க."

துப்பாக்கி பனியில் விழுந்தது. லோவெல் பாய்ந்து அதைக் காலால் தள்ளினான். ஆரின் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பத்து வருஷமா வெர்லினோட அந்தக் கீழ் வயலை உழுதேன்," என்றார் யாரையும் பார்க்காமல். "கை குடுத்துச் சொன்னான், எனக்கப்புறம் உனக்குத்தான்னு. பேப்பர் எதுக்கு, நாமதானேன்னு சொன்னான். அன்னைக்கு அவ அழுதுக்கிட்டுப் போனா. நான் தகட்டுக்குப் பின்னாடியிருந்து வந்தேன், அவனுக்குத் தைரியம் சொல்லலாம்னு. அவன் மேஜைகிட்ட உக்காந்திருந்தான். 'அவ சொல்றது சரிதான் ஆரின், மூடிடறேன். நிலத்தையும் அவளுக்கே எழுதிடறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அவ வீட்டுக்கே போய்ச் சொல்லிடறேன்'னான். சிரிச்சான். துப்பாக்கி பக்கத்துல இருந்துச்சு. நான் கையுறையைக்கூடக் கழட்டல."

லோவெல் விலங்கை மாட்டினான். அன்பான மனிதர் ஒருவர் செய்த பாவம் ஊருக்கே அவமானம் மாதிரி இருந்தது. டாட்டிக்குக் கோபம் வந்தது. நிலத்துக்காகச் சுட்டது போதாதென்று, அந்தப் பெண்ணை உள்ளே தள்ளிவிட்டு ஊருக்கெல்லாம் பாத்திரம் தூக்கிக்கொண்டு திரிந்தாரே.

"போன் போடு," என்றார் ஹேகன்.

வக்கீல் இரண்டாவது முயற்சியில் எடுத்தார். நீதிமன்ற அறைக்குள் போய்க்கொண்டிருப்பதாகவும் பிறகு பேசுவதாகவும் சொன்னார்.

"பிறகுன்னு ஒண்ணு கெடையாது," என்றாள் டாட்டி. "அவ கையில பேனா இருந்தா பிடுங்குங்க. துணை ஷெரிஃப் பக்கத்துலயே இருக்கான், பேசுவான். முதல்ல ரெனேகிட்ட குடுங்க."

போன் கை மாறும் சலசலப்பு. பிறகு ரெனேவின் குரல், உயிரில்லாமல். "டாட்டி, விடு. நான் முடிவு பண்ணிட்டேன். அவர் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்."

"இல்ல ரெனே. நீ போனதுக்கப்புறமும் அங்க பேச்சு நடந்துச்சு. கடைசியாப் பேசினது உங்கப்பா. ஆரின் சொல்லிட்டார், எல்லாத்தையும்." டாட்டி மூச்சை இழுத்துக்கொண்டாள். "அவ சொல்றது சரி, மூடிடறேன்னு சொல்லியிருக்கார். ராத்திரி சாப்பாட்டுக்கு உன் வீட்டுக்கு வந்து, அதை உன்கிட்டயே சொல்றதா இருந்தார்."

டாட்டி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சாப்பாட்டுக்கா?" என்றாள் ரெனே.

"ஆமா."

"அன்னைக்கு ராத்திரி, சமாதானமா வருவார்னு, அவருக்கும் சேர்த்துத்தான் தட்டு வெச்சிருந்தேன், டாட்டி. வரலைன்னு கோபத்துல அப்படியே குப்பையில கொட்டினேன்."